ஆடியில் மீன் கேட்ட பயணிகள்

1. தொலைபேசி

எங்கள் சுற்றுலாக் குழு பாசிக்குடா போய்ச் சேர்ந்த மறுநாளே ஒஸ்லோ அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்துவிட்டது. எடுத்தது நான். அந்தப் பக்கம் கத்தியவர் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமிலிருந்து மனைவியோடு போயிருந்த ஒரு வாடிக்கையாளர். அவர் நோர்வேஜிய மொழியில்தான் கத்தினார். என் காதில் விழுந்தது இப்படி:

“கடல் கண்ணுக்கு முன்னால கிடக்கு. வள்ளமெல்லாம் கரையில ஏத்தி வச்சிருக்கு. மேசையில பூசணிக்காயும் பருப்பும்! ஒவ்வொரு இரவும் புதுமீன் எண்டு போட்டிருக்கிறீங்கள். மீன் எங்க?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. எங்கள் மட்டக்களப்புக் கரையோர ஊர்களில் ஆடியில் சடங்கு தொடங்கினால், தீமிதிப்பு முடியும்வரை வீடுகளில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. வள்ளம் கடலில் இறங்காது. அந்த நேரத்தில் போய் மீன் கேட்டால் மணலையா அள்ளிக் கறி வைப்பார்கள்?

புதுமீன் என்று விளம்பரத்தில் எழுதியது நானில்லை. என் முதலாளி அர்னே.

2. வெள்ளையாய் விட்ட கரை

நான் ஒஸ்லோப் புறநகரான குரோருட்டில் இருக்கிறேன். இப்போது ஓய்வு. அதற்கு முன் ஒஸ்லோ நகர மத்தியில் ஒரு பயண முகவர் நிறுவனத்தில் நீண்ட காலம் டிக்கெட்டிங் வேலை. அந்த நிறுவனம் இலங்கைக்குச் சுற்றுலாவும் நடத்தியது: கொழும்பு, கண்டி, தேயிலை மலை, பிறகு தெற்குக் கடற்கரையில் ஒரு வாரம். கையேட்டு வரைபடத்தில் கிழக்குக் கரை வெறும் வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அது கண்ணில் குத்தியது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நோர்வேக்காரருக்கு விடுமுறை யூலையில். யூலையில் அந்தத் தீவின் தென்மேற்குக் கரையில் மழை, கொந்தளிப்பு, குளிக்கக்கூடாதென்று சிவப்புக் கொடி. அங்கேதான் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே மழைக்காற்று மலைநாட்டில் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வரும்போது வறண்டு, கச்சான் காற்றாகி வீசும். பாசிக்குடாக் கடல் அப்போது குளம் மாதிரிக் கிடக்கும், இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடக்கலாம். போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், வெள்ளைக்காரன் எல்லோரும் பாய்மரக் கப்பலில் தேடி வந்து கண்டுபிடித்த கரை அது. விமானத்தில் போகிற எங்கள் நிறுவனத்துக்கு மட்டும் அகப்படவில்லை!

எங்கள் கரையைப் போர் தின்றது, சுனாமி தின்றது, பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலமும் வந்து தின்றது. உல்லாசப் பயணிகளின் காசு மேற்கிலும் தெற்கிலும் நின்றுவிடும். எங்கள் பாசிக்குடாவில்தான் என் மாமி மகள் யோகம் நாலு அறையில் ஒரு விருந்தினர் விடுதி நடத்தினாள். எனக்கு மச்சாள் முறை, ஒன்றாக வளர்ந்தவள். யூலையில் எங்கள் குழு ஒழுங்காக வந்தால் விடுதி நிற்கும். வராவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான். அவள் எனக்கு மச்சாள் என்பதை அர்னேயிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது?

வருடக்கணக்கில் நச்சரித்தபின் அர்னே “சரி, ஒருக்காப் பாப்பம்” என்றார். அவர் நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவுக்காரர், மீனவர் மகன். நான் கொடுத்த படத்தில் வள்ளங்களைக் கண்டதும் கை துறுதுறுத்திருக்கிறது. “ஒவ்வொரு இரவும் புதுமீன்” என்று தானே சேர்த்துவிட்டார். நான் கண்டபோது கையேடு அச்சாகி வந்துவிட்டது.

“இந்த வரிய எடுத்துவிடு அர்னே. ஆடியில அங்க சடங்கு வரும், மீன் சமைக்க மாட்டினம்” என்றேன்.

“மீன் பிடிக்கிற ஊரில மீன் இல்லாமப் போகுமா?” என்று சிரித்தார்.

3. அர்னேயின் அறை

லில்லெஸ்ட்ரோம்காரரின் முறைப்பாட்டைச் சொன்னபோது அர்னேயிடம் அந்தச் சிரிப்பில்லை. அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த நாட்டில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், அதற்காகப் பயம் இல்லாமல் போய்விடாது.

“யோகத்துக்குப் போன்கோல் எடு. மீன் வாங்கிச் சமைக்கச் சொல்லு. இல்லாட்டி இண்டைக்கே எல்லாரையும் ஹோட்டலுக்கு மாத்திறன். வாற வருசம் கிழக்குப் பக்கமே இல்ல.”

வாங்குவதென்றால் வாங்கலாம். பக்கத்து முஸ்லிம் ஊரில் சந்தை இருக்கிறது, துடிக்கத் துடிக்க மீன் வரும். சிக்கல் சந்தையில் இல்லை, யோகத்தின் அடுப்பில். அந்த வருடம் தீ மிதிக்க நேர்ந்திருந்தாள். அவளுடைய விரதச் சோறு வேகிற அடுப்பு அது.

எனக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு கோல், அவ்வளவுதான். விடுதி தப்பும், என் வேலையும் தப்பும். நான் கேட்டால் விடுதிக்காக, எனக்காக, மனம் நொந்தாவது செய்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும், அவளை நோகவைக்க என்னையே ஏவுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எடுக்க மாட்டன்.”

“என்ன?”

“எடுக்க மாட்டன் எண்டு சொன்னனான்.”

“நீ வேல செய்யிறது எனக்கா, உன்ர மச்சாளுக்கா?”

“போன கிறிஸ்மஸ் விருந்தில நீதானே சொன்னாய், உன்ர அப்பா ஞாயிற்றுக்கிழமையில வள்ளம் இறக்க மாட்டார் எண்டு? கரையில மீன் துள்ளினாலும் பைபிளோட இருப்பார் எண்டு? ஒஸ்லோவில இருந்து ஒருத்தன் வந்து, காசு கட்டினனான், இண்டைக்கே பிடிச்சுத் தா எண்டு கேட்டிருந்தா?”

அர்னே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அம்மா அவனை வாசலிலயே நிப்பாட்டியிருப்பா” என்றார். பிறகு அவசரமாக, “அது வேற” என்றார்.

“என்ன வேற? அது நோர்வே, இது இலங்கை. அதுதானே வேற?”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார், ஹோட்டல் கதையை மறுபடி எடுக்கவில்லை. நான் வெளியே வந்து லில்லெஸ்ட்ரோம்காரருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். “விளம்பரம் பிழை, மன்னிக்கவேணும். பக்கத்து ஊர்க் கடையில நல்ல மீன்கறி இருக்கு, ஓட்டோ அனுப்புறன். யோகத்தின்ர வீட்டில மட்டும் கேக்காதீங்கோ” என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டார். திரும்பி வந்து முறைப்பாடும் எழுதினார். அவருடைய மனைவியோ கடைப் பக்கமே போகாமல் தீமிதிப்பு முடியும்வரை யோகத்தின் பூசணிக்காயையே சாப்பிட்டாராம்.

4. அடுத்த வருடம்

“இந்த முறை நீயே எழுது. ஆக்கள் சேராட்டி கிழக்கு இல்ல, சரியோ?” என்றார் அர்னே.

நான் முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில் போட்டேன்: “கடல் இருக்கும். வள்ளம் இருக்கும். சடங்கு முடியும்வரை மீன் இருக்காது. மீன் வேண்டியவர்கள் வேறு பயணம் பார்க்கவும்.” அலுவலகமே சிரித்தது. “காசு குடுத்து இதுக்கு ஆர் வருவினம்?” என்று அர்னே தலையில் கை வைத்தார். ஆனால் வரியை அழிக்கவில்லை.

ஆட்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். லில்லெஸ்ட்ரோம் அம்மா கணவரை வீட்டில் விட்டுவிட்டுத் தங்கச்சியோடு வந்தார். வரைபடத்தில் கிழக்குக் கரைக்கு நிறம் தீட்டினார்கள். யோகத்தின் விடுதி இன்றைக்கும் நடக்கிறது.

அந்த ஆடியில் குழுவோடு நானும் ஊருக்குப் போனேன். யோகம் முற்றத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்திக்கொண்டு கதை முழுவதையும் சொன்னேன். முதலாளி மிரட்டியது, நான் மறுத்தது, அவளுடைய அடுப்பை நான் காப்பாற்றியது. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவள் கத்தியை நிறுத்தவே இல்லை.

“நீ கேட்டிருந்தாலும் நான் சமைச்சிருக்க மாட்டன்கா. விடுதியப் பூட்டிப் போட்டுத் தீ மிதிக்கப் போயிருப்பன்.”

“அப்ப நான் அவரோட சண்டை பிடிச்சது?”

“நல்லதுதான் செய்தாய். ஆனா முதலாளிக்குப் பயந்தது நீதான் புள்ள, நானில்ல.”

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ஊருக்காகத் துணிந்து வாயைத் திறவுங்கள். ஆனால் ஊரே உங்கள் வாயை நம்பித்தான் நிற்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.