கைப்பேசியில் 94, கணினியில் 3

மார்ச் 3, திங்கள். கைப்பேசி 94. கணினி 3.1.
மார்ச் 5, புதன். கைப்பேசி 91. கணினி 2.8.
மார்ச் 7, வெள்ளி. கைப்பேசி 95. கணினி 3.0. கெடு மாலை 5.00. கோப்பு போய்ச் சேர்ந்தது 6.52.
மார்ச் 12, புதன். கைப்பேசி 93. கணினி 2.2.
மார்ச் 14, வெள்ளி. கைப்பேசி 94. கணினி 3.3. கெடு 5.00. சேர்ந்தது 7.10.
மார்ச் 17, திங்கள். பதிவுத் தபால்.

இவை ஸ்டெனோ அம்மாவின் குறிப்பேட்டில் உள்ளவை. எண்கள் இணையத்தின் வேகம், நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில். ஒரே வீடு, ஒரே இணைப்பு. கூடத்தில் கைப்பேசியை எடுத்தால் படம் பாய்ந்து வருகிறது. பின்னறைக் கணினியில் ஒரு கடிதம் திறப்பதற்குள் காபி ஆறிப்போகிறது.

ஸ்டெனோ அம்மா முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஓய்வு பெற்றபின் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை. வழக்கு விசாரணைகளின் காணொளி வரும். பேசியதைக் கேட்டு, எழுத்தைக் காணொளியில் சேர்த்து, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கணினி நிறுவனம் கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று. கம்பியில்லா இணைப்பு கூடாது, கேபிளில்தான் இணைக்க வேண்டும். அறை பூட்டியிருக்க வேண்டும். கணினி அந்த அறையை விட்டு நகரக் கூடாது.

பதிவுத் தபாலில் நான்கே வரி. இரண்டு முறை தாமதமாகிவிட்டது, மூன்றாவது முறையும் ஆனால் ஏப்ரலில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. கணவருக்கு முழங்கால் போய், சோபா தைக்கும் கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. வீடு ஓடுவது இந்த வேலையில்தான். அதைவிட, முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதம் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அந்தச் சொல் இப்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகி வந்திருந்தது.

குற்றவாளி யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பிப்ரவரி 26 அன்று இணைய நிறுவனத்துக்காரர்கள் வந்து பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப் போனார்கள். ஸ்டெனோ அம்மா அப்போது தங்கை வீட்டில் இருந்தார். ஞாயிறு திரும்பி, திங்கள் வேலைக்கு உட்கார்ந்தால் இந்த ஆமை வேகம்.

18ஆம் தேதி மீண்டும் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டார். இருபத்தாறு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மோடமை ஒருதடவை அணைச்சுட்டுப் போடுங்க மேடம்."

"போட்டாச்சும்மா. பத்தொன்பது தடவை. தேதி, நேரத்தோட சொல்லவா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை மேடம்."

கணவர் சோபாக்காரருக்குப் பொறுக்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கினார். "ஏம்மா, உங்க மோடம் வர்ற வரைக்கும் குதிரை மாதிரி ஓடிச்சு. நீங்க கை வச்சீங்க, படுத்துடுச்சு. ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வர்றீங்க?"

அன்று பிற்பகலே ஆள் வந்தான். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று தன் கைப்பேசியைப் பார்த்தான்.

"தொண்ணூத்தஞ்சு வருது மேடம். லைன் சூப்பர்."

"தம்பி, லைன் உங்க போன்ல சூப்பர். நான் போன்ல வேலை பார்க்கலயே."

"கம்ப்யூட்டர் பழசா இருக்கும்."

"வந்து எட்டு மாசம் ஆகுது."

"அப்போ வைரஸ்" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டினான். தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், குறுஞ்செய்தி வந்துவிட்டது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

ஸ்டெனோ அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதே கோபத்தில் உட்கார்ந்து வேலை தரும் நிறுவனத்துக்கு இரண்டு பக்க விளக்கம் எழுதினார். இரண்டு தாமதத்துக்கும் இணைய நிறுவனமே முழுப்பொறுப்பு என்று கையெழுத்திட்டு, வேக அட்டவணையையும் இணைத்துத் தபாலில் சேர்த்தார்.

மறுநாள் கொழுந்தன் வந்தார். கணினியைக் கரைத்துக் குடித்தவர் என்று அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட பெயர். கணினியில் நிறுவனம் கொடுத்த இரண்டு மென்பொருள்தான் இருந்தது. கழற்றுவதற்கு எதுவும் கிடைக்காமல், திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கிவிட்டு எழுந்தார்.

"இப்போ எப்படி இருக்கு அண்ணி?"

"மெதுவா வர்றது இப்போ நல்லாத் தெளிவாத் தெரியுது" என்றார் ஸ்டெனோ அம்மா.

21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் வேலையை முன்கூட்டியே முடித்து, 12.40க்குக் கோப்பை அனுப்பத் தொடங்கினார். மூன்று மணி நேரம் பிடிக்கும், நான்கு மணிக்குள் போய்விடும் என்று கணக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்து சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2.10க்கு, நாற்பத்தொன்பது சதவீதத்தில், இணைப்பு அறுந்தது. திரும்பச் சுழியத்திலிருந்து தொடங்கச் சொன்னது திரை.

குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தார். இப்போது தொடங்கினால் 5.12. பன்னிரண்டு நிமிடத் தாமதத்தில் வேலை போகும்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இந்தக் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுபோறேன். மோடத்துக்குப் பக்கத்துல வச்சு நேரா மாட்டிப் பார்க்கணும்."

"அறையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கியே!"

"ஐஞ்சு மணிக்கு மேல எழுதிக் கொடுக்க எதுவுமே இருக்காது. கதவைப் பிடிங்க."

முழங்கால் வலியோடு சோபாக்காரர் திரையைத் தூக்கினார், அம்மா பெட்டியைத் தூக்கினார். மோடத்தோடு வந்த முழ நீளக் கேபிள் அட்டைப் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்டினார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேகத்தை அளந்தார்.

93.

இன்னொரு முறை அளந்தார். 94.

"நீங்க சுவத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. ரகசியக் கோப்பு" என்றார். சோபாக்காரர் தன் வீட்டுச் சுவரையே பார்த்தபடி ஆறு நிமிடம் நின்றார். 2.55க்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது.

மோடம் சரி, கணினியும் சரி. மீதியிருப்பது இரண்டுக்கும் நடுவில் சுவரோரமாக ஓடும் முப்பத்தாறு அடிக் கேபிள்தான். அதை யாருமே பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. தங்கை வீட்டிலிருந்து அவர் திரும்பியபோது அதன்மேல் அரக்கு நிறப் பட்டை ஒன்று, மிச்ச சோபாத் துணியில் தைத்தது, கூடத்திலிருந்து பின்னறை வரை கோடு பிடித்தாற்போல ஒட்டியிருந்தது. காலில் சிக்குகிற ஒயரைக் கண்டால் சோபாக்காரருக்கு ஆகாது. "நல்லாயிருக்கு" என்று அன்றைக்கு அம்மாவும் பாராட்டியிருந்தார்.

அம்மா பட்டையின் முனையைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஜாணுக்கு ஒன்றாக, சோபாவுக்கு அடிக்கிற இரண்டு கால் பின்கள்.

"ஏங்க, இது எப்போ அடிச்சது?"

"மோடம் வந்த மறுநாள். ஒயர் தொங்கிட்டிருந்துதேன்னு."

"ஒயருக்கு ரெண்டு பக்கமும் கால் படுற மாதிரி அடிச்சீங்களா, ஒயர்லயே அடிச்சீங்களா?"

"ரெண்டு பக்கமும்தான் அடிச்சேன்" என்றவர் குனிந்து பார்த்தார். நாற்பத்தேழு பின்களில் பதினொன்றாவது கேபிளின் நடுவயிற்றில் இறங்கியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணு கொஞ்சம் விலகிடுச்சு போல."

"அந்தப் பொண்ணை என்ன பேச்சுப் பேசினீங்க!"

"மோடம் மாத்தினதும் படுத்துடுச்சேன்னு..."

"மோடம் மாத்தினதும் படுக்கல. நீங்க ஆணியடிச்சதும் படுத்துச்சு. ஒயரைக் கொடுத்தா அதையும் சோபாவாத் தைச்சு வச்சிருக்கீங்க!"

புதுக் கேபிள் வந்தது, தரையில் தளர்வாகவே கிடந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலை ஸ்டெனோ அம்மா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இப்போ யாருக்கு எழுதுற?"

"18ஆம் தேதி இணையக்காரங்கமேல பழி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பொய்யாயிடுச்சு."

"மூணாவது கோப்பு நேரத்துக்குப் போயாச்சு. யாரு கேட்கப் போறா? நீயாப் போய் வேலைக்கு உலை வைக்காதே."

"கேட்கிறாங்களோ இல்லையோ, தப்பாப் பதிஞ்சதை அப்படியே விட எனக்கு வராது."

ஒரு பக்கம் எழுதினார். என் 18ஆம் தேதி விளக்கத்தின் இரண்டாம் பத்தியை நீக்கிக்கொள்ளவும். பழுது என் வீட்டில், கேபிளில், வீட்டு ஆள் அடித்த சோபாப் பின் ஒன்றால் ஏற்பட்டது. நான் இரண்டு முனையிலும் நாற்பத்தொரு முறை அளந்தேன், நடுவில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மேலும், 21ஆம் தேதி நிபந்தனையை மீறிக் கணினியை முப்பத்திரண்டு நிமிடம் கூடத்தில் வைத்திருந்தேன்.

இணைய நிறுவனத்துக்கும் பேசினார். புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்றார்.

"அது ஏற்கெனவே மூடியாச்சு மேடம். வாபஸ் வாங்கணும்னா முதல்ல திரும்பத் திறக்கணும்."

"சரி, திறம்மா."

"திறக்கணும்னா பிரச்சினை இருக்கணும் மேடம். இருக்குங்களா?"

"இல்லம்மா" என்று ஸ்டெனோ அம்மா கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

வேலை தரும் நிறுவனத்திடமிருந்து இரண்டரை வாரமாகப் பேச்சே இல்லை. கோப்புகள் மட்டும் வந்தன, கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்பிப் போயின. தபால்காரர் தெருவில் திரும்பினாலே சோபாக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். அம்மாவைப் பார்த்து, "நான் சொன்னேன்" என்று தொடங்குவார், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

கடைசியில் அதேபோல இன்னொரு பதிவுத் தபால். இரண்டு தாமதங்களும் பதிவில் நிற்கும். கணினியை இடம் மாற்றியதற்கு எச்சரிக்கை. ஒப்பந்தம் வழக்கமான ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது.

"பேசாம இருந்திருந்தா முழு வருஷம்" என்றார் சோபாக்காரர்.

"நீங்க பேசாம இருந்திருந்தா ஒயரே நல்லாயிருந்திருக்கும்" என்றார் ஸ்டெனோ அம்மா. கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து பதிந்தார். வந்த நாள் ஏப்ரல் 9, புதன், காலை 11.20.