விற்ற எருதுகள் நலம்

எழுபதுகளில் என் கணவர் சிட்னிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஊரில் என்னிடம் விட்டுப் போனவை ஒரு வெங்காயத் தோட்டம், இரண்டு எருதுகள், ஒரு கட்டளை: "என்னைக் கேளாமல் ஒண்டும் செய்யாதையும்." கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம். வெங்காயம் அதுவரை பொறுக்குமா? செய்துவிட்டு அனுமதி கேட்கப் பழகினேன். பெரும்பாலும் "ஓம், செய்யும்" என்றே வரும். நானும் நல்ல பெண்சாதி.

ஊர் ஆண்களில் பாதிப்பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க ஆளில்லை. "எருதுகளை விற்றுத் தண்ணீர் மெஷின் வாங்கட்டுமா?" என்று எழுதினேன். மெஷின் அப்போது கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வந்தது: "வேண்டாம். அதுகள் என்ரை பிள்ளையள் மாதிரி."

அட கடவுளே. "சரி" என்று எழுதிவிட்டேன்.

அதன்பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பிழைப்புத்தான். ஒவ்வொரு கடிதத்திலும் எருதுகளின் சுகம் கேட்பார். நானும் பக்கம் பக்கமாக எழுதினேன்: கறுவலுக்கு இருமல், சிவலை வேலி பாய்ந்தது. ஒருநாள் சரக்குத் தீர்ந்துபோய், "சிவலை கன்று போட்டிருக்கிறது" என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். வீடு வந்த பிறகுதான் சிவலை எருது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் தபால்காரன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலில் ஒரே வரி: "சந்தோசம். கண்டைக் கொட்டிலிலை கட்டும்." மனுசன் கவனிக்கவில்லை என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பிறகு சிட்னியில் தான் இருந்த டூங்கபிக்கு என்னையும் கூப்பிட்டார். வந்த மூன்றாம் நாள், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாளின் கடிதம் வந்தது. குசினிக் கதிரையில் இருந்தபடி அவர் சத்தமாக வாசித்தார்: "மெஷின்ரை பெல்ட் அறுந்துபோச்சு." தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றேன். இனி இந்த மனுசன் என்னை எதில் நம்பப் போகிறார் என்று பயந்தேன்.

"தண்ணி நல்லா வருதோ?" என்று கேட்டார்.

"ஓம். கோவமில்லையோ?"

"எருது கண்டு போட்டுது எண்டால் கொட்டிலிலை கட்டு எண்டு பழமொழி சொல்லுவினம். உம்மடை புளுகு விளங்கித்தானே நானும் அதை எழுதினனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுகொண்டும் ஏன் ரெண்டு வருசம் மாட்டின்ரை சுகம் கேட்டனீங்கள்?"

அவர் கடிதத்தை மடித்தார். "முந்தி நாலு வரிதான் எழுதுவீர். மாட்டை வித்தாப் பிறகுதான் நாலு பக்கம் வந்தது. இஞ்சை எனக்கு வாசிக்க வேறை என்ன இருந்தது?"