இரண்டு சீட்டு வண்டியும் வழி சொல்லும் பெட்டியும்

என் அத்தானுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காத வாய் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் தொழில் பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக வரிசை வைத்து, பிளாஸ்டர் தூள் பறக்கும் சின்ன அறைக்குள் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். தலை நரைத்திருக்கிறதா, தூள் படிந்திருக்கிறதா என்று என் அக்காவுக்கே சில நாள் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு கருநீல வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே கதவு. இரண்டே சீட்டு.

"பின் சீட்டு எங்க மாப்பிள்ளை?" என்று என் அம்மா கேட்டார்.

"நாங்க ரெண்டு பேர்தானே அத்தை. ரெண்டு சீட்டு போதும்."

அக்காவுக்குப் பிள்ளை இல்லாததை அதுவரை ஜாடைமாடையாகக் குத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். இந்த ஒன்றுக்காகவே நான் அத்தானுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

வண்டிதான் ஸ்போர்ட்ஸ் காரே தவிர, ஓட்டுகிறவர் அப்படி இல்லை. பின்னால் வரும் சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்பான். தெருவில் அவருக்கு 'ரேஸ்காரர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட விடமாட்டார். யாரிடமும் வழி கேட்கமாட்டார். கேட்பது கௌரவக் குறைச்சல். ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒருமுறை போன் மாட்டும் ஸ்டாண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இத உன் பஸ்ல மாட்டிக்க மாப்ள" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன்.

அந்த மனிதர்தான் ஒரு மத்தியானம் போன் செய்து, "மாப்ள, உன் வீட்டுக்கு எதிர்ல என்ன கடை?" என்றார்.

"சலவைக் கடை. ஏன் அத்தான்?"

"சும்மாதான். அதுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் வருமில்ல?"

என் வீட்டுப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கே கிடையாது. நிற்கும் இடத்தைப் பக்குவமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பைக்கில் போனேன். ஊரின் மறுகோடியில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வண்டி சூடாயிடுச்சு. அதான் ஓரங்கட்டினேன்" என்றார்.

பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. என் பைக்குக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டுத் திருப்பத்தில் கண்ணாடியை இறக்கி, "உங்க அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அவராகவே ஆரம்பித்தார். "வண்டியில நேவிகேஷன் வைக்கலாம்னு பாக்குறேன்."

"போன்லயே இருக்கே அத்தான்."

"போன ஒட்டினா அசிங்கமா இருக்கும். வண்டியோடவே வந்த மாதிரி இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியில் போனை ஒட்டினால், இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று அக்கா கேட்பாள். வண்டிக்குள்ளேயே பதித்துவிட்டால் அது அலங்காரம். ரேஸ்காரரின் புது மோகம் என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கூத்துக்கு உடன்பட எனக்கு மனமில்லை. நேரே அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். அவள் சமையலறையில் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், மேல்தட்டு டப்பாவுக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒரு பல்செட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"கீழ் வரிசைப் பல்ல மேல் ஈறுல வெச்சிருக்காருடா. டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். நான்தான் வாங்கி ஒளிச்சு வெச்சேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்கிறதே அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லித் தொலைச்சிடாத."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மூடி மறைக்க, நடுவில் நான் ஒரு முட்டாள். "அப்ப முதல்ல அந்த வண்டிச் சாவியப் புடுங்கு. நேவிகேஷனாம், மண்ணாங்கட்டியாம்! நான் தினம் ரோட்டுல புள்ளைங்கள ஏத்தி இறக்குறவன்க்கா. யாராவது குறுக்க ஓடி வந்தா என்ன பண்ணுவார்?"

"அவருக்கு ஓட்ட மறக்கலடா. வழிதான் மறக்குது. இனிமே நான் இல்லாம அவர வண்டிய எடுக்க விடமாட்டேன், பக்கத்துல நான் இருப்பேன்." சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். "வீட்டுல சில நேரம் என்னை யாரோ வேத்தாளப் பாக்குற மாதிரி பாக்குறார். ஒரு நொடிதான். ஆனா எனக்கு உயிரே போகுது. வண்டியில அப்படி இல்லடா. பக்கத்து சீட்டுல இருக்கிறது நான்தான்னு அவருக்குத் தெரியுது. அந்த ஒரு இடத்தையும் எடுத்துட்டா நான் எங்க போய் உக்காருவேன்?"

மறுவாரம் அத்தானை நானே வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனேன்.

வண்டிகளுக்கு வயரிங் செய்யும் அந்த ஆளை எல்லாரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். புதுத் திரை வைக்கலாம், ஆனால் டேஷ்போர்டை அறுக்க வேண்டும், ஏசி காற்று வரும் வழியையும் நகர்த்த வேண்டும் என்றான். அறுப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தான் தன் பல்லையே பிடுங்கச் சொன்னதுபோல முகத்தைச் சுளித்தார்.

"அப்ப இன்னொன்னு இருக்கு சார்." ஃபியூஸ் உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தான். இதே மாடல் வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கியபோது கழற்றி வைத்ததாம். அத்தான் வண்டியில் டேஷ்போர்டின் நடுவே மூடி போட்ட ஒரு குழி உண்டு. அவர் அதில் மிட்டாய் போட்டு வைத்திருப்பார். உண்மையில் அந்தக் குழி இந்தத் திரைக்காகவே கம்பெனி விட்டிருந்த இடம். பெட்டி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் திரை மெல்ல எழுந்து நின்றது.

"ஆனா ஒண்ணு சார். இதோட மேப்பு டிஸ்க்குல இருக்கு, இப்ப புது டிஸ்க்கு போடுறதில்ல. வண்டி வயசுதான் மேப்புக்கும். அதுக்கப்புறம் வந்த ரோடு எதுவும் இதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார் அத்தான்.

நான் ஃபியூஸின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பழைய கடைவீதி, பல் டாக்டர் வீடு, என் வீடு எல்லாம் பெட்டிக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் அத்தான் அதற்கு நன்றி சொல்வாராம். "பெட்டிக்குள்ள பேசுற அந்தப் பொம்பளை சொன்னா உடனே திரும்புறார். நான் சொன்னா மட்டும் காதுல விழாது" என்று அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான்தான் அவசரப்பட்டுக் கத்திவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தானின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். பழைய பாலத்தை இடித்துப் பல வருஷம் ஆகிறது. புதுப் பாலம் மேலே தள்ளி இருக்கிறது. பழைய பாலத்தை இடித்த அன்று ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. இவர்களும் இதே வண்டியில் போய், கரையோரம் நிறுத்தி, பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்தவர்கள்தான்.

பெட்டிக்கு அது தெரியாது. அத்தானும் மறந்திருந்தார். கரைச் சாலையில் வண்டி திரும்பியபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொன்னால், அவருடைய மறதி தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். முட்டுக்கட்டையைப் பார்த்தால் அவராகவே திரும்பிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாலை முடியும் இடத்தில் குறுக்கே கான்கிரீட் கட்டைகள். அவற்றுக்கு அப்பால் வெறும் தண்ணீர். அத்தான் வண்டியை நிறுத்தினாரே தவிர, திருப்பவில்லை. "பாலம் எங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அக்கா கடைசியில் கதவைத் திறந்து இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று எனக்குப் போன் செய்தாள். பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

நான் டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்து சீட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். அழுது முடித்த முகம். உள்ளேயிருந்து "நேராகச் செல்லவும்" என்ற குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

நான் மறுபக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அத்தான் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இறக்கினார்.

"வா மாப்ள. பாத்தியா, பாலத்தக் காணோம்."

அக்காவுக்கு இறங்காத கண்ணாடி எனக்கு இறங்கியது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டதுபோல வாழ்க்கையில் எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

"அத்தான், நீங்க அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன். அக்கா டாக்ஸியில வரட்டும்."

"அங்க எப்படி உக்கார்றது? அது அவ சீட்டு."

"அக்கா அதோ நிக்கிறாங்களே அத்தான்."

திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டி அந்தப் பக்கக் கண்ணாடியையும் பாதி இறக்கினார். முன்பின் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் பேசும் அதே மரியாதையோடு பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஏத்திக்கலாம்னா இது ரெண்டு சீட்டு வண்டி. என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா."

அக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சாவியைப் பிடுங்கு என்று அன்று கத்தியவன் நான். இப்போது சாவி எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கை போகவில்லை.

"பரவால்லைங்க" என்றாள் அக்கா. "அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கட்டுமா?"

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் அத்தான். "அவ என்னை ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டா."