பந்து வராத பக்கம்

மதிசுதன் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறான். ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கால்வாய்க் கரையில் காலை ஆறரைக்கு நாயோடு உலாவுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, போகிற திசையைத் திரும்பியும் பாராமல் இருநூறு மீற்றர். சட்டென்று ஒரு பக்கம் திரும்பி நாலு எட்டு ஓட்டம். பிறகு மறுபடியும் பின்பக்கம். முதல் வருடம் ஒரு கிழவர் பொலிசுக்கு அறிவித்தாராம். இப்போது அதே கிழவர்தான் பின்னால் சைக்கிள் வந்தால் விசிலடித்துச் சொல்கிறார்.

வயது முப்பத்திமூன்று. தொழில், அமெரிக்கன் ஃபுட்போல். அதில் கோர்னர்பாக் என்றொரு இடம் உண்டு. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் மைதானத்தின் ஓரத்தில் நிற்பான். அவனுக்கு எதிரே நின்று, அவன் எங்கே போகப்போகிறான் என்று தெரியாமலே அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான் கோர்னர்பாக்கின் வேலை. அவனுக்குப் பாதை தெரியும், இவனுக்குத் தெரியாது. அவன் முன்பக்கமாக ஓடுவான், இவன் பின்பக்கமாகத் தொடங்கவேண்டும். இப்படியொரு வேலையை மனிதன் விரும்பிக் கேட்டு வாங்குவானா என்று கேட்டால், கேட்கவில்லை என்கிறான். "முதல் கோச் என்னைப் பாத்திட்டு, நீ கட்டை, ஆனா கெதியா ஓடுறாய், அங்கை போய் நில் எண்டார். நிண்டன். பதினெட்டு வருசமா நிக்கிறன்."

நடுவே இருபதாம் வயதில் கான்சாஸில் ஒரு சின்னக் கல்லூரி. காறை எலும்பு முறிந்து ஏழு மாதத்தில் திரும்பி வந்தான். பிசியோதெரபியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்தான். இருபத்தேழில் ரூர் பகுதிக் கழகம் ஒன்று சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை வீரன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது. ஆனாலும் கிழமையில் மூன்று நாள் காலையில் சிகிச்சை நிலையத்தில் கிழவிகளின் முழங்கால்களைப் பிடித்து நீட்டி மடக்குகிறான். இருபத்தொன்பதில் தன் முழங்கால் தசைநார் அறுந்த கதையை அவர்களுக்குச் சொல்வதில்லை. சொன்னால் தங்கள் கதைகளை நிறுத்திவிடுவார்கள், அது அவனுக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமைகளில் சிக்கல். ஞாயிறு ஆட்டத்துக்கு வெள்ளி கோழி சாப்பிடு என்கிறது கழகத்தின் பட்டியல். வெள்ளி சைவம் என்கிறார் தாய் கலாதேவி, முட்டையும் ஆகாது. இரண்டு பேரோடும் சண்டை பிடிக்கத் திராணியில்லாத மதிசுதன், கடையில் விற்கும் தயிர்க்கட்டியில் அரைக் கிலோவைக் கத்தரிக்காய்க் குழம்போடு பிசைந்து விழுங்குகிறான். பார்க்கிறவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கம் அவனைக் கொஞ்சம் கெட்ட பெயருக்கு ஆளாக்கியிருக்கிறது. யாரைக் கண்டாலும் இடுப்பைப் பார்ப்பான். தொழில் அப்படி. எதிரே ஓடுகிறவன் கண்ணால் ஏமாற்றுவான், தோளால் ஏமாற்றுவான். இடுப்பு மட்டும் போகிற பக்கத்துக்கே போகும். சுப்பர்மார்க்கெட் வரிசையில் எவர் எந்தப் பக்கம் விலகுவார் என்று மதிசுதனுக்கு ஒரு கணம் முன்பே தெரியும். ஆனால் ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாவில், அத்தனை சேலைகளுக்கு நடுவே, இதை எப்படி விளங்கப்படுத்துவது? யாரோ ஒரு அக்கா போய்க் கலாதேவியிடம் சொல்லிவிட்டார். "தம்பி, கண்ணை மேலை வைச்சுக்கொண்டு நட. கலியாணம் பேசிற நேரம்" என்றார் தாய். பேச்சு ஆறு வருடமாக நடக்கிறது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் பிசியோதெரபி என்று சொல்லிவிட்டு அவர் வாயை மூடிக்கொள்வார்.

தகப்பன் குணசேகரம் அப்படியில்லை. மகனின் விளையாட்டை மறைக்கவே மாட்டார். உள்ளூரில் நடக்கும் எந்த ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. மகன் நிற்கிற பக்கமாகப் பார்த்து, மடிக்கிற மெத்தையும் குடையுமாக உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு மனக்குறை. மகனின் பக்கம் பந்து வருவதில்லை.

வராததுதான் பெருமை என்பது அவருக்கு விளங்கவில்லை. பந்தை எறிகிற எதிரணிக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். தன் ஆளோடு மதிசுதன் ஒட்டிக்கொண்டு போவது தெரியும். உடனே மற்றப் பக்கம் எறிந்துவிடுவான். ஓர் ஆட்டம் முழுக்க இவன் பக்கம் ஒரு பந்துகூட வராவிட்டால் அன்று இவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அதுதான் இவனுக்குக் கிடைக்கிற உச்சப் பாராட்டு. காரில் ஏறியதும் தகப்பன் தொடங்குவார்.

"இண்டைக்கும் ஒண்டும் தரேல்லை."

"அப்பா, எங்கட ஆக்கள் எனக்குத் தாறேல்லை. மற்ற ரீம்காரன்தான் பயத்திலை இஞ்சாலை எறியாமல் விடுறான்."

"நீ உவங்களுக்காகக் கதையாதை. நானும் இஞ்சைதான் வேலை செய்தனான்."

மதிசுதன் காரைக் கிளப்புவான். குணசேகரம் முப்பத்தொரு வருடம் கம்பித் தொழிற்சாலையில் இருந்தவர். முதல் எட்டு வருடம் வெளிநாட்டான் என்று அவர் கையில் நிலம் கூட்டுகிற தும்புத்தடியைத்தான் கொடுத்தார்கள், இயந்திரத்தைத் தொட விடவில்லை. ஒருவனை நிறுத்திவைத்துவிட்டுப் பந்தை வேறு பக்கம் அனுப்பினால் அதற்கு என்ன காரணம் என்று அவருக்குத் தெரியும். கரண்டி, கோப்பை எல்லாம் மேசையில் பரப்பி விளக்கினாலும் அந்த அறிவை அசைக்க ஏலாது.

மூன்று வருடத்துக்கு முன் அவர் கழகப் பயிற்றுநருக்கு ஒரு கடிதமே எழுதிவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை. திகதி, விலாசம், அதன் கீழே தடித்த எழுத்தில், "பொருள்: பந்து வழங்குதல்." எனது மகனும் திறமையானவன், அவனுக்கும் உரிய முறையில் பந்து கிடைக்க ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன் என்று நல்ல ஜெர்மனில் எழுதிக் கையொப்பமும் போட்டிருந்தார். பயிற்றுநர் ஒஹையோக்காரர், ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. கடிதத்தை மதிசுதனிடமே நீட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். மதிசுதன் இரண்டு தரம் வாசித்தான். "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றான்.

இந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு வருடம் தாருங்கள் என்று கேட்டிருந்தான். யூலை முடியட்டும், பார்ப்போம் என்றார் பயிற்றுநர். முப்பத்திமூன்று வயதுக் கோர்னர்பாக்கிடம் எதைப் பார்ப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எதிரணிகள் இன்னும் அவனுக்குப் பயப்படுகின்றனவா இல்லையா என்பதைத்தான்.

யூலையின் கடைசி ஞாயிறு, தெற்கேயிருந்து வந்த ஓர் அணி. மதிசுதனுக்கு எதிரே இருபத்திரண்டு வயது நெட்டையன் ஒருவன் நின்றான். மூன்றாவது நிமிடத்தில் முதல் பந்து மதிசுதனின் பக்கம் வந்தது. நெட்டையன் பிடித்தான். இடுப்பு திரும்பியதை மதிசுதன் சரியாகக் கண்டான், கால்தான் அரை அடி பிந்தியது. அடுத்ததும் அங்கேதான் வந்தது. மூன்றாவதோடு விஷயம் மைதானத்துக்கே தெரிந்துவிட்டது. எதிரணி அவனிடம் ஒரு கதவைக் கண்டுபிடித்துவிட்டது, இனித் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஒவ்வொரு தரமும் உள்ளூர்ச் சனம் 'ஐயோ' என்று முனகியது. அந்த முனகலுக்கு நடுவே ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். உள்ளங்கையைக் குழித்துத் தட்டுகிற அந்தச் சத்தம் மதிசுதனுக்கு நன்றாகத் தெரியும். தலைக்கவசத்துக்குள் அவனுக்கு முகம் எரிந்தது. வெட்கத்தால் எரிந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மொத்தம் ஒன்பது பந்து. அவன் தட்டிவிட்டது இரண்டு. நெட்டையன் பிடித்த ஏழில் இரண்டு நேரே புள்ளியாகி, ஆட்டம் தோல்வியில் முடிந்தது. பயிற்றுநர் தோளில் கை வைத்து, நாளைக் காலை பத்து மணிக்கு வா என்றார். அந்தக் கழகத்தில் நல்ல செய்தியைக் கைபேசியில் அனுப்புவார்கள். கெட்ட செய்திக்குத்தான் கூப்பிட்டு உட்காரவைப்பது.

வீட்டில் அன்று மாலை எட்டு மணிக்கும் பல்கனியில் வெயில் இருந்தது. மதிசுதன் முழங்காலில் ஐஸ் பையோடு கதிரையில் சாய்ந்திருந்தான். மியூன்ஸ்ரரில் வேலை செய்யும் தங்கை கம்சனாவும் ஆட்டத்துக்கென்று வந்திருந்தாள். அவளுக்கு விளையாட்டு விளங்கும். அவள் தமையனின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். குணசேகரம் மட்டும் உட்காரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஆனந்தராசாவோடு தொலைபேசியில் நடந்து நடந்து கதைத்தார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

"இண்டைக்குத்தானடா இவனை ஒரு ஆளா மதிச்சவங்கள். முழுக்க இவன்ர பக்கம்தான்… பிடிக்கிறது தவறுறது விளையாட்டிலை இருக்கும்தானே. முதல் பந்து வரவேணும்."

கம்சனா நிமிர்ந்தாள். "அப்பா, அது அப்பிடி இல்லை…"

"விடு" என்றான் மதிசுதன். அவள் விட்டாள். ஆனால் அழுகை வந்து, பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

குணசேகரம் கைபேசியை மகனிடம் நீட்டினார். "எத்தினை தரம் வந்தது எண்டு சித்தப்பா கேக்கிறான். நான் ஆறோடை எண்ணிறதை விட்டிட்டன், கைதட்டினதிலை. நீயே சொல்லு."

மதிசுதன் வாங்கினான். ஒன்பதும் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவிருந்தது. தகப்பனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினான்.

"பன்ரெண்டு, சித்தப்பா" என்றான்.