இயற்பியல் ஆசிரியர் இல்லாத வருடம்

நயினார்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மொட்டைமாடியில் ஒரு டிஷ் வந்தது. சென்னையில் ஓர் ஆசிரியை நடத்தும் பாடம் செயற்கைக்கோள் வழியாக எங்கள் டிவியில் தெரியும், சந்தேகம் இருந்தால் பிள்ளைகள் மைக்கில் கேட்கலாம் என்றார்கள். அந்த அறையைத் தலைமையாசிரியர் என் பொறுப்பில் விட்டார். பிள்ளைகள் தூங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

முதல் சில நாள் யாரும் தூங்கவில்லை. திரையில் இருந்த அம்மா "புரிகிறதா?" என்று கேட்டதும் மொத்த வகுப்பும் எழுந்து "புரியுது டீச்சர்" என்று கத்தியது. அவர் அதைக் கேட்காமலே அடுத்த பாடத்துக்குப் போனார். சீக்கிரமே அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் தலைகள் சாய்ந்தன. மிளகாய்ப் பழம் பறிக்கும் காலம் வேறு. விடியும் முன்பே மிளகாய்க் கொல்லையில் வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். ஒருவனை எழுப்பினால் இன்னொருவன் சாய்வான். எனக்கோ பாடம் தெரியாது. எதைச் சொல்லி அவர்களைப் பிடித்து வைப்பேன்?

ஒரு மாணவி மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பாள். விவசாயக் கூலி வீட்டுப் பெண். ஒருநாள் மைக்கை வாங்கி, லென்ஸைத் தண்ணீருக்குள் வைத்தால் அதன் குவியத் தூரம் மாறுமா என்று கேட்டாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. திரையில் அந்த அம்மா சற்று நேரம் காதில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். இவள் மைக்கோடு மணி அடிக்கும் வரை நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தண்ணீருக்குள் குவியத் தூரம் கூடும் என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினார். அதை மனதில் உருப்போட்டுக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன். கொல்லையில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். பள்ளிக்கு வரச் சொன்னேன்.

"நான் எந்திரிச்சு நின்னது அந்த டீச்சருக்குத் தெரியுமா?"

தெரிந்திருக்காது என்றேன்.

"பெறகு, நான் அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன?"

"நீ வரலைன்னா எனக்குத் தெரியும்ல."

"ஒங்களுக்குப் பிசிக்ஸ் தெரியாதுல்ல, டீச்சர்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற, அவளைப் பெற்ற அய்யா, பரீட்சைக்கு மட்டும் அனுப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். டிவி ஓடினால்தான் வகுப்பு நடந்ததாகக் கணக்கு, அதை நிறுத்தக்கூடாது என்றார். ஆகவே வகுப்பு முடிந்ததும் மதிய இடைவேளையில் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து, அன்று கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லச் சொன்னேன். பாதிப்பேர் வந்தார்கள். ஆய்வகத்து லென்ஸைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். அன்று யாரும் தூங்கவில்லை. ஆனால் கணக்கு வரும் இடத்தில் நானும் அவர்களும் சேர்ந்தே முட்டி நின்றோம்.

அய்யா சொன்னபடி அவள் பரீட்சை எழுதினாள். மற்றப் பாடங்களில் தேறி, இயற்பியலில் விழுந்தாள். மறுபடி எழுதச் சொல்லப் போனபோது அவள் ஊரில் இல்லை. திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார் அவள் அய்யா. பள்ளி திறந்ததும் அடுத்த வகுப்பு வந்து உட்கார்ந்தது. அந்த வருடமும் இயற்பியலுக்கு ஆசிரியர் வரவில்லை.