வராத பிள்ளைகளுக்கு என் கையெழுத்து

மெல்போர்னில் என் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கிய முதல் நாள், கேட் என்ற பெண் தன் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று அலைபேசியில் எதையோ அழுத்தினாள். பிள்ளையை விட்ட நேரமாம், நிமிடம் உட்பட. மாலையில் அழைத்துப்போகும்போது இன்னொரு முறை. முட்டுக்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் நான் அங்கன்வாடி உதவியாளராக இருந்தபோது, மீன் எடுக்க ஓடும் தாய்மார்கள் பிள்ளையைக் கதவுக்குள் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வருகையை நாங்கள் எழுதுவோம். அந்தக் கணக்குக்கு முட்டையும் சத்துமாவும் வரும்.

இங்கே வருவது பணம். காப்பகச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. அதைப் பெற்றோர் கையில் கொடுப்பதில்லை. நேராகக் காப்பக நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. மீதியை மட்டும் பெற்றோர் கட்டுகிறார்கள். எந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் இருந்தது என்று நிறுவனம் அனுப்பும் பதிவை நம்பித்தான் இவ்வளவும். என்னைப்போல வீட்டில் பார்ப்பவர்கள் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கீழ் இருக்கவேண்டும். அது தன் பங்கை எடுத்துக்கொண்டு எங்களுக்குச் சம்பளம் தரும்.

என் நிறுவனத்தை நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த எங்கள் காலனியில் எதிர்வீடு. அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். காலனியிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியவர் அவர்தான். நானும் என் கணவரும் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்குக் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவரே. ஞாயிறுகளில் கறிக்குழம்போடு வருவார். சில ஞாயிறுகளில் கூடவே கையெழுத்துக்கு ஒரு கட்டுத் தாளும் வரும். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும்.

"இன்னா ஜெயா, பரிச்ச பேப்பர் மாரி படிச்சிகினு கீற? நம்ம கம்பெனிதானே, போடு" என்பார்.

ஒருமுறை அதில், நான் பிள்ளை பார்க்காத சனிக்கிழமை என்று கண்டு கேட்டேன். பின்னால் சேரப்போகும் பிள்ளைகளுக்கு இடம் பிடித்துவைப்பது என்றார். போட்டேன்.

ஒரு காலை அரசாங்க அதிகாரிகள் இருவர் வந்தார்கள். ஒருவர் ஒரு தாளை நீட்டி, "இஸ் திஸ் யுவர்ஸ்?" என்றார். அடியில் என் கையெழுத்து. ஆமாம் என்றேன். அவர் கேட்டது கையெழுத்தை அல்ல, மேலே இருந்த பதிவு முழுவதையும் என்று புரிவதற்குள் என் ஆமாமை எழுதிக்கொண்டுவிட்டார். நான் கண்ணால் பார்த்திராத நான்கு பிள்ளைகள், சனிக்கிழமைதோறும், காலையிலிருந்து மாலைவரை என் வீட்டில் இருந்ததாக அதில் இருந்தது. குப்பத்தில் காய்ச்சலில் கிடந்த பிள்ளை வந்ததாக நானும் குறி போட்டிருக்கிறேன், அதன் முட்டையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. அது ஏன் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததோ, குற்றவாளிபோல நின்றேன்.

அவர்கள் போனதும் அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல நிதானமாகப் பேசினார்.

"நான் இன்னா பண்ணுவேன் ஜெயா? நீ எழுதிக் குடுத்தத்தானே நான் அனுப்பினேன்."

என் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். பிள்ளைகள் வேறு வீடுகளுக்குப் போனார்கள். எங்கள் ஊரோடு எந்த உறவும் இல்லாத கேட்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு அந்த அதிகாரிகளின் அலுவலகத்துக்கு வந்தாள். சனிக்கிழமைக்கு ஆள் தேவைப்பட்டு எத்தனையோ முறை கேட்டும் நான் மறுத்த செய்திகளைத் தன் அலைபேசியில் காட்டினாள். பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பொய்ப் பதிவில் எனக்குப் பங்கில்லை, படிக்காமல் கையெழுத்திட்டதற்கு எச்சரிக்கை. விசாரணை முடியும் முன்பே அக்கா நிறுவனத்தை மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

போன மாதம் அம்மா போனில் சொன்னாள், ஸ்டெல்லா செங்கல்பட்டில் வீடு கட்டியிருக்கிறாள், நாளைக்கு ஃபாதர் வந்து மந்திரிக்கிறார், பத்திரிகை வைத்தாள் என்று. போகாதே அம்மா என்றேன். நடந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்.

"தெரு முச்சூடும் போவுது. நான் மட்டும் வூட்ல குந்திகினு இருந்தா இன்னான்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

மறுநாள் படம் வந்தது. புது வீட்டு வாசலில் காலனியே நிற்கிறது. எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க என்னால் முடியும். நடுவில் அம்மா, நான் அனுப்பிய புடவையில். அவள் தோளைச் சுற்றி ஸ்டெல்லா அக்காவின் கை. மறுபடியும் என்னிடம் வரத் தொடங்கியிருக்கும் கேட்டின் மகள் என் மடியில் ஏறிப் படத்தைப் பார்த்தாள். இது யார் என்று கேட்டாள். என் அம்மா என்றேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்றாள்.

"அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் அதைத் தன் நாக்கில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.