ஒரு பக்கம் கிறுகும் வளையம்

அவரை எல்லோரும் சுழியோடி என்றுதான் சொன்னார்கள். கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த கிழமை, வாழைச்சேனையில், கலங்கிய வாவிக்குள் இறங்கித் தன் மகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நான் தோணியில் இருந்தேன். உப்புப் பூத்த, மெலிந்த உடம்பு. முதுகில் சிலிண்டர். மணிக்கட்டில் அந்த உடம்புக்கே பொருந்தாத, கனத்த வெளிநாட்டு மணிக்கூடு.

“அதை வித்தா புது வள்ளமே எடுக்கலாம், மச்சான்” என்றார் தோணிக்காரர்.

“வித்துப்போட்டு எதைப் பாத்து மேல வாற?”

இறங்கும் முன்பெல்லாம் மணிக்கூட்டின் விளிம்பு வளையத்தைத் திருகி, காற்று தீரும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

“இது ஒரு பக்கந்தான் கிறுகும், அண்ணன். எதிலயும் தட்டுப்பட்டா காத்தைக் குறைச்சிக் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டாது. ஆளைச் சாக உடாது.”

பின்னேரம் வெறுங்கையோடு மேலே வந்தவர், அதைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“நீங்களே வெச்சிருங்க. அவள்ர சட்டை மாதிரி ஏதும் தெரியிற நேரம் பாத்து, இது மேல வா எண்டுது.”

அவர் கையை இழுத்து, மணிக்கூட்டை மறுபடி கட்டினேன்.

“இதோட போறதெண்டாப் போங்க. இல்லாட்டிக் கயிறு பிடிக்க மாட்டன்.”

அவர் திரும்பவும் இறங்கினார். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. பிறகு அவரும் வந்தார், தனியாக. தோணி விளிம்பைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, “பாவி” என்றார்.

என்னைச் சொன்னாரா, உயிரோடு மேலே வந்த தன்னைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.